ரே கேவின் வீட்டுப் பின்படி

பசுந்தாங்கில் எங்கள் தெருவில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தரைவரை தொங்கும். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். மூன்றாம் மாடி விஜயகுமாரியின் கயிற்றை மட்டும் வேலையில்லாமல் யாரும் தொடமாட்டார்கள். இழுத்தால் மேலே கூப்பிடுவாள். போனால் தேநீர் கிடைக்கும். கூடவே அவளுடைய அப்பாவின் கதையும் கிடைக்கும். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடலாம். கதையை அப்படி வைக்க முடியாது.

அந்த மழைக்கால மாலையில் கயிற்றை இழுத்தவன் மோகன். அவனுக்குப் பின்னால், தெருமுனையில் ரேடியோ பழுது பார்க்கும் இக்பால் பாய், சாவி கொடுத்துச் சுற்றும் பழைய கிராமபோன் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஆன்ட்டி, மீ இருக்கா?" என்று மோகன் கீழிருந்து கத்தினான். எங்கள் ஊரில் மின்சாரத்துக்கு எல்லாரும் சொல்லும் பர்மியச் சொல் அது.

"அது எப்ப இருந்துச்சு? ஏறி வா. கைப்பிடியைத் தொட்றாதே, பெயின்ட் அடிச்சிருக்கேன்."

எழுபது வயதில் அவள் படிக்கட்டுக்குப் பெயின்ட் அடித்ததற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மோகன் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிக்கிறவன். அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். அவன் தமிழ் பேசினால் ஈரத்தரையில் நடப்பது போல ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைப்பான். ஆனால் காது, நல்ல காது. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கியாக்டடாவில் ஒரு பழைய மண்டபத்தில் கச்சேரி ஏற்பாடு செய்திருந்தான். சனிக்கிழமை மத்தியானம். இருட்டிய பிறகு இந்த நாளில் யார் வெளியே தங்குகிறார்கள்? கச்சேரி முழுக்க ஒரே மனிதருடைய பெயரில்: ரே கேவின்.

விஜயகுமாரியின் அப்பா.

ரே கேவின் என்றால் ஏதோ கப்பலில் வந்தவர் என்று நினைக்க வேண்டாம். இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரின் மகன் ராகவன்தான் அவர். பட்டறைக்காரர்களின் பாண்டில் கிளாரினெட் ஊதினார். உலகச் சண்டை முடிந்த புதிதில், துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் மாலுமிகள் வைக்கும் இசைத்தட்டுகளைப் படகுத்துறையில் நின்றபடியே கேட்பார். ஒரு தடவை கேட்டால் போதும். வீட்டுக்கு வந்து, சாக்ஸபோனுக்கு இது, ட்ரம்பெட்டுக்கு இது, டிரம்முக்கு இது என்று பாகம் பிரித்து எழுதிவிடுவார். முதலில் மற்றவர்களுடைய ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு சொந்தமாக ஒன்று தொடங்கினார். ஏரிக்கரை கிளப்பில் சனிக்கிழமைதோறும் நடனம். வெள்ளைக் கோட்டு, படிய வாரிய தலை, கையில் மெல்லிய குச்சி. ரேடியோவிலும் வந்தது. பெயர் மாறியது. பெயர் மாறியதும் பூர்வீகமும் மாறியது: அம்மா வழியில் லிஸ்பன் என்று சொல்லிக்கொண்டார். இன்சீனில் எந்தச் சந்துக்குள் லிஸ்பன் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாக வாசித்தார்.

கடைசியில் மனைவியும் மாறினாள். விஜயகுமாரியின் கூடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் மாட்டியிருக்கிறது. "எங்கம்மா, பாலீன். நான் பொறந்ததுமே போயிட்டாங்க. என்னை வளர்த்தது பாப்பம்மாள்னு ஒரு ஆயா," என்பாள் விஜயகுமாரி. அந்தப் படத்தை ராகவன் பான்சோடான் தெரு நடைபாதைக் கடையில் வாங்கினார் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். பாப்பம்மாள் யார் என்பதும் தெரியும். தெரிந்ததை முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் தெரு அவசரப்பட்டதே இல்லை. கெட்டுப்போகிற பண்டமா அது?

"பாட்டை எடு ஆன்ட்டி," என்றான் மோகன்.

அவன் கேட்டது 'குட்நைட், பசுந்தாங்'. ரே கேவின் ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசியாக வாசித்த மெதுவான நடனப் பாட்டு. எழுதி வைத்த பாகங்கள் எல்லாம் கரையானுக்குப் போய்விட்டன. மிஞ்சியது இந்த ஒரு இசைத்தட்டு. விஜயகுமாரி அதைப் பட்டுத்துணியிலிருந்து பிரித்துக் கொடுத்தாள். மோகன் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இக்பால் பாய் சாவியைச் சுற்றினார். ஊசி உட்கார்ந்தது.

இரைச்சலுக்குள்ளிருந்து சாக்ஸபோன்கள் எழுந்தன. மெதுவாக, தாழ்ந்து, வழுக்கி வழுக்கி இறங்கும் மெட்டு. இரண்டு வரி போனதும் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றது. டிரம்மில் கம்பித் தூரிகை தட்டுவது மட்டும் கேட்டது. பிறகு மறுபடி மெட்டு. மறுபடி இரண்டு வரி. மறுபடி அந்தப் பள்ளம்.

"இதான் ஆன்ட்டி எனக்குப் புரியல," என்றான் மோகன். "இவ்வளவு அழகா எழுதினவர், நடுவுல ஏன் காலியா விட்டார்? யாராவது ஒருத்தர் ஊதலாம்ல?"

"ஊத விடமாட்டார். கையைத் தூக்கி நிறுத்திருவார். அந்த எடத்தை யாரும் தொடக்கூடாதும்பார்."

மூன்றாவது பள்ளம் வந்தது. தூரிகை தட்டியது.

தொப். தொப்.

அது தூரிகை மாதிரி இல்லை. உள்ளங்கையால் சதையில் அடிப்பது மாதிரி இருந்தது.

"தட்டுல கீறல்," என்றார் இக்பால் பாய். ஊசியைத் தூக்கினார்.

தொப்.

மூன்று பேரும் கிராமபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் அதிலிருந்து வரவில்லை. சமையலறைப் பக்கத்திலிருந்து வந்தது. மண்ணெண்ணெய் வாடை மெல்லக் கூடத்துக்குள் நுழைந்தது. கூடவே, தலை முழுகிவிட்டு உலர்த்தாத கூந்தலின் வாடை. விஜயகுமாரி கரி அடுப்புக்காரி. அந்த வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"பூனை," என்றாள் விஜயகுமாரி.

"பூனைதான்," என்றார் இக்பால் பாய், கிராமபோனை அங்கேயே விட்டுவிட்டு இறங்கியபடி. கைப்பிடியைத் தொடாதே என்று சொன்னது அவருக்கு ஞாபகமில்லை. அவருடைய பச்சைக் கைத்தடம் கைப்பிடி நெடுக இருந்தது.

*

மறுநாள் காலையில் விஜயகுமாரி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தாள். பக்கத்து வீட்டுப் பால்கனியில் தைலம்மாள் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவிலேயே மூத்தவள். காது மட்டும் இளசு.

"ஏண்டி விஜயா, யாரு செத்தா?"

"என்ன தைலக்கா, காலங்காத்தால?"

"பின்ன நடுவீட்டுல நின்னுக்கிட்டு ஒப்பாரி வைக்கிறியே."

"ஒப்பாரியா? இது எங்கப்பா பாட்டுக்கா. டான்ஸ் பாட்டு. தொரைங்க ஜோடி ஜோடியா ஆடுனது."

தைலம்மாள் மிளகாய்த் தட்டைக் கீழே வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. யோசித்தது சும்மா ஒப்புக்குத்தான். இத்தனை வருஷம் அடைகாத்த விஷயம், முட்டை உடைகிற நாள் வந்துவிட்டது.

"ஆடுனாங்க, ஆடுனாங்க. எதுக்கு ஆடுறோம்னு அவங்களுக்குத் தெரியுமா? உனக்கு முந்தி ஒரு ஆம்பளப் புள்ள பொறந்து காய்ச்சல்ல போச்சுது. நான் அப்பதான் கல்யாணம் ஆயி இந்தத் தெருவுக்கு வந்தேன். உங்கம்மா பின்கட்டுல தலைய விரிச்சுப்போட்டு, மார்ல அடிச்சுக்கிட்டு அழுவுறா. நாங்க பொம்பளைங்க சுத்தி உக்காந்திருக்கோம். உங்கப்பன் கூடத்துல பென்சிலை வச்சுக்கிட்டு எழுதுறான். துக்கத்துல ஏதோ எழுதுறான்னு நினைச்சோம்."

"அக்கா..."

"மூணாவது சனிக்கிழமை எங்க மாமனார் ரேடியோ வச்சாரு. அதே மெட்டு! உங்கம்மா ரெண்டு வரி சொல்லி மூச்சு வாங்குவா. நாங்க கட்டிப்பிடிச்சு அழுது பதில் சொல்லுவோம். அந்த எடத்தை அப்படியே காலியா விட்டிருந்தான். அந்த மட்டும் அவனுக்கு வெக்கம் இருந்திருக்கு."

தைலம்மாள் குரலைத் தாழ்த்திப் பாடிக் காட்டினாள்.

*தூளி நனைஞ்ச ஈரமின்னும் காயலையே,
நீ தூங்கப்போன ஊருக்கொரு பாதையில்லையே.*

விஜயகுமாரி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பாட்டின் சங்கதி அவளுக்குப் புதிது. 'உங்கம்மா' என்ற சொல்தான் அதைவிட அடித்தது. பாலீன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாளே, இவள் எவ்வளவு சாதாரணமாக 'உங்கம்மா' என்கிறாள்! அப்படியானால் எல்லாருக்கும் தெரியும். தேநீர் குடிக்க வந்த ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டே தலையாட்டியிருக்கிறார்கள். காது மடல் வரை சூடேறியது அவளுக்கு.

"அதைவிடக் கூத்து என்னன்னா," தைலம்மாள் நிறுத்துவதாக இல்லை, "சாவு வீட்டுல யாராச்சும் 'போயிட்டு வர்றேன்'னு சொல்லுவாங்களா? வாயத் தொறக்காம எழுந்து போறதுதான வழக்கம்? இவன் அந்தப் பாட்டை முடிச்சு முடிச்சு மைக்குல 'மறுபடி வருவோம்'பான். வாராவாரம்! ஒப்பாரி வச்சு, வாங்கன்னு சொன்னா வராம என்ன செய்வாங்க?"

விஜயகுமாரிக்கு ஒன்று நினைவு வந்தது. இத்தனை நாள் நினைவு வரவில்லை என்று சொல்வது சரியில்லை, வராமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்தாளிகள் வரும்போது பாப்பம்மாள் பின்சந்து வழியாக, இரும்புப் பின்படியில்தான் ஏறி இறங்க வேண்டும். தோட்டிகள் வரும் வழி அது. புருஷனை 'சார்' என்பாள். பெற்ற மகளை 'மிஸ்ஸி' என்பாள். "மிஸ்ஸி, சாப்பாடு எடுத்து வைக்கவா?" விருந்தாளி இல்லாதபோதும் அப்படித்தான், இல்லையென்றால் வாய் தவறி வந்துவிடும் என்று ராகவனுக்குப் பயம். அதனால் 'அம்மா' என்ற சொல்லை விஜயகுமாரி சத்தமாகச் சொன்னதே கிடையாது.

பிறகு ராணுவ ஆட்சி வந்தது, நடன மண்டபங்களை மூடினார்கள். வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ட்ரம்பெட்காரர் பெர்த்துக்குக் கிளம்பிய அன்று ராகவன் வீட்டுக் கூடத்தில் வழியனுப்பு விருந்து. பாப்பம்மாளுக்கு இரண்டு நாளாக ஜுரம். மண்ணெண்ணெய் அடுப்பில் விருந்துக்குக் குழம்பு வைத்து இறக்கிவிட்டுப் பின்கட்டில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கூடத்தில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ட்ரம்பெட்காரரின் சின்ன மகள், ரெட்டைப் பின்னல்காரி, தண்ணீர் குடிக்கப் பின்னால் போனவள் ஓடிவந்தாள். "அங்கே ஒரு பொம்பளை படுத்திருக்காளே, கண்ணைத் தொறந்துக்கிட்டு. யாரு அது?"

விஜயகுமாரி பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "ஆயா."

பிணம் பின்படி வழியாக இறங்கியது. "சத்தம் போடாதீங்க, வந்தவங்க இருக்காங்க," என்றார் ராகவன். வேலைக்காரிக்கு யார் ஒப்பாரி வைப்பார்கள்? யாரும் வைக்கவில்லை. மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால்கூடக் குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் விடவில்லை.

"அவளுக்கு யாரும் அழுவலடி," என்றாள் தைலம்மாள். "நேத்து மார்ல அடிக்கிற சத்தம் சுவத்தைத் தாண்டி எனக்கும் கேட்டுச்சு. அதான் தானே அழுதுக்கிட்டு வர்றா. அந்தப் பய கச்சேரி வைக்கிறானாமே? வைக்கட்டும். அந்தக் காலி எடம் வரும்போது நீ எழுந்து நின்னு, எல்லாரும் கேக்க 'அம்மா'ன்னு ஒரு தடவ சொல்லு. அழு. முடிஞ்சதும் ஒருத்தரும் 'வர்றோம்'னு சொல்லாம கலைஞ்சு போங்க. போயிருவா. நல்லவ அவ."

*

கச்சேரிக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. மின்சாரம் போகிற ஒவ்வொரு தடவையும் அந்த வாடை வந்தது. கட்டிடம் முழுவதும் விசிறிகள் ஓய்ந்து, தெருவில் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நொடி அமைதி வருமே, அப்போது.

பின்கதவு துருப்பிடித்துக் கிடந்தது. தாழ்ப்பாள் அசையாது. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் ஈரம் இருந்தது. தலைமுடியிலிருந்து சொட்டின மாதிரி, துளித்துளியாக.

துளிகள் கதவிலிருந்து அடுப்பு வரை வந்திருந்தன. மறுநாள் சாப்பாட்டு மேசை வரை.

கூடத்துக்குள் வரவில்லை. விருந்தாளி இருக்கும் இடத்துக்கு அவள் வந்து பழக்கமில்லை.

விஜயகுமாரி கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். எழுபது வயதுப் பெண்மணி, முகத்துக்குத் தனாக்கா மரச்சாந்து பூசிக்கொண்டு, ஒரு சொல்லைச் சொல்லிப் பழகுகிறாள்! முதலில் காற்றுதான் வந்தது. "அ..." பிறகு இருமல் வந்தது. மூன்றாவது நாள் எப்படியோ வந்துவிட்டது.

"அம்மா."

சமையலறையில் தொப், தொப் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

யாரோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி நின்றது.

விஜயகுமாரி சமையலறைப் பக்கம் போகவில்லை. ஆனால் மனம் கொஞ்சம் லேசானது. சனிக்கிழமை சொல்லிவிடலாம். மேடையில் பேசும்போதே பாலீனை இறக்கிவிட்டு, 'என் அம்மா பாப்பம்மாள்' என்று சொல்லிவிடலாம். மோகனிடமும் கண்டித்துச் சொன்னாள்: "பாட்டு முடிஞ்சதும் மைக்குல ஒண்ணும் சொல்லாதே. 'போயிட்டு வர்றோம்'னு வாயே தொறக்கக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஆன்ட்டி. குட்நைட் மட்டும் சொல்லலாமா?"

"ஒண்ணும் சொல்லாதே!"

ஆனால் படிக்கட்டுக்குப் பெயின்ட் அடித்த காரணம் ஒன்று இருந்ததே. பெர்த்திலிருந்து ஒரு அம்மாள் கச்சேரிக்கு வருகிறாள். ட்ரம்பெட்காரரின் மகள். அன்றைய ரெட்டைப் பின்னல்காரி.

*

மண்டபம் பழைய காலத்து மண்டபம். உயரமான கூரை, மழையில் ஊறின சுவர், மேடைக்கு எதிர்ப்பக்கத்தில் வேலைக்காரர்கள் தட்டு எடுத்துப் போக ஒரு குட்டைக் கதவு. எங்கள் தெரு முழுவதும் வந்திருந்தது. இக்பால் பாய் கூட்டத்தோடு கூட்டமாக நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஓரம் அவருக்குப் பிடிக்கவில்லை.

முன்வரிசையில் பெர்த் அம்மாள். வெள்ளை முடி, முத்துமாலை. விஜயகுமாரியைக் கட்டிக்கொண்டாள். "அப்படியே பாலீனோட மூக்கு! எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பார், ரே கேவினோட மனைவி ராணி மாதிரி இருப்பாளாம்." நல்ல பர்மியத்தில் சொன்னாள். அந்தக் காலத்துப் பர்மியம்.

விஜயகுமாரியின் மூக்கு எங்கள் தெருவுக்குத் தெரியும். குழம்புக் கரண்டியோடு நின்ற அதே மூக்குதான். அவள் சிரித்தாள். மறுக்கவில்லை.

மேடையில் ஏறினாள். அப்பாவைப் பற்றி அழகாகப் பேசினாள். இன்சீனைச் சொன்னாள், கப்பல்களைச் சொன்னாள், ஏரிக்கரையைச் சொன்னாள். "என் அம்மா..." என்று ஆரம்பித்தாள். பெர்த் அம்மாள் கைகளை மார்பில் சேர்த்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"...இன்னைக்கு இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க," என்று முடித்துவிட்டு இறங்கினாள்.

பின்வரிசையில் தைலம்மாள் வெற்றிலையை ஓங்கி மென்றாள். பரவாயில்லை என்று விஜயகுமாரி தன்னையே தேற்றிக்கொண்டாள். இன்னும் பாட்டு இருக்கிறது. அந்தப் பள்ளம் இருக்கிறது. அப்போது எழுந்து சொல்லிவிடுகிறேன்.

மோகன் நன்றாகத்தான் எழுதியிருந்தான். சாக்ஸபோன்கள் தாழ்ந்து இறங்கின. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். நாலைந்து ஜோடி எழுந்து ஆடவும் ஆரம்பித்தது. இரண்டு வரி. வாத்தியங்கள் நின்றன.

மின்சாரம் போயிற்று.

வெளியே மழை மூட்டம். மண்டபம் சாம்பல் நிறமாக ஆனது. மின்விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. டிரம்காரன் நிறுத்தவில்லை, தூரிகை தட்டிக்கொண்டிருந்தது.

தொப். தொப்.

மண்ணெண்ணெய் வாடை வந்தது.

வாத்தியங்கள் மறுபடி இரண்டு வரி எடுத்து, மறுபடி நின்றன. அப்போது, அந்தக் காலி இடத்தில், ஒரு குரல் எழுந்தது.

பாட்டில்லை அது. மூச்சு திரும்புகிற இடத்தில் வருகிற கேவல். ஆரம்பத்தில் மெல்லியதாக, பிறகு மண்டபத்தின் சுவர்களையெல்லாம் தடவிக்கொண்டு வந்தது. ஏதோ புதுமாதிரி ஏற்பாடு என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். மேடையில் மோகனின் முகத்தைப் பார்த்தவர்கள் தட்டவில்லை.

விஜயகுமாரி திரும்பிப் பார்த்தாள்.

குட்டைக் கதவு திறந்திருந்தது.

நிலைக்கு வெளியே, உள்ளே வராமல், ஒருத்தி நின்றாள். நனைந்த கூந்தல் இடுப்பு வரை விரிந்து கிடந்தது. ஒரு கை மார்பில் விழுந்து எழுந்தது. முகம் இருட்டில் இருந்தது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது உள்ளே வா என்று சொல்ல மாட்டார்களா என்று நிற்கிற நிற்பு அது. விருந்து நாட்களில் சமையலறை வாசலில் நின்ற அதே நிற்பு.

விஜயகுமாரி எழுந்தாள். வாயைத் திறந்தாள். சொல் நாக்குநுனிக்கு வந்துவிட்டது.

பெர்த் அம்மாள் அவள் முழங்கையைத் தொட்டாள். குனிந்து, ரகசியமாக, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"அங்கே ஒரு பொம்பளை நிக்கிறாளே. யாரு அது?"

"ஆயா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று விஜயகுமாரிக்குக் கேட்டது.

கேவல் பாதியில் அறுந்தது.

"ஓ, மண்டபத்து ஆயாவா? பாவம், நல்லா நனைஞ்சிருக்கா," என்றாள் பெர்த் அம்மாள்.

கதவு நிலையில் நின்றவள் மார்பிலிருந்து கையை எடுத்தாள். கூந்தலை இரண்டு கையாலும் சேர்த்து, பிழிந்து, கொண்டையாக முடிந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வேலைக்குக் கூப்பிட்டால் தயாராகிற மாதிரி.

பிறகு கதவு மட்டும் இருந்தது.

வாத்தியங்கள் எப்படியோ பாட்டை முடித்தன. ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது, மைக்கும் வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மோகனுக்குப் பயத்தில் வியர்வை, பாராட்டில் சிரிப்பு, இரண்டும் ஒன்றாக வழிந்தது. இசைத்தட்டின் கடைசியில் ரே கேவின் 'மறுபடி வருவோம்' என்பதை நூறு தடவை கேட்டிருந்தான். கூடவே பெரியவர்கள் மெச்சுவார்கள் என்று பழகி வைத்திருந்த நல்ல தமிழ். மைக்கை வாய்க்கருகே இழுத்தான்.

"எல்லாருக்கும் நன்றி. போயிட்டு வர்றோம்!"

தைலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் அவனைப் பிடித்து உலுக்கியபோது, "வாயில வந்திருச்சு பெரியம்மா, எல்லாரும் கை தட்டினாங்க," என்று அழுகிற மாதிரி சொன்னான். அவனைச் சொல்லி என்ன? அவள் வருவாள் என்று மோகன் சொல்லிவிட்டான். என்னவாக வருவாள் என்பதை விஜயகுமாரி சொல்லிவிட்டாள்.

*

பெர்த் அம்மாள் புதுப் பெயின்ட் அடித்த படியில் ஏறி வந்து, பாலீன் படத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, விமானம் ஏறிவிட்டாள். அவள் போன அன்றே விஜயகுமாரி அந்தப் படத்தைக் கழற்றிவிட்டாள். சுவரில் வெளுப்பாக ஒரு சதுரம் இருக்கிறது. மாட்ட வேறு படம் இல்லை. பாப்பம்மாளை யாரும் படம் எடுத்ததில்லை.

இப்போது எவரும் அவள் கயிற்றை இழுப்பதில்லை. கதைக்குப் பயந்து அல்ல.

அந்தி நேரத்தில் மின்சாரம் போனால், ஜெனரேட்டர்கள் எழும்புவதற்கு முன்னால், எங்கள் தெருவுக்கே கேட்கும். மூன்றாம் மாடியில் ஒரு கிழவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை மாதிரி கூப்பிடுவாள்.

"அம்மா."

பதில் இருக்காது.

"அம்மா, நான்தாம்மா. உள்ள வாம்மா."

இருக்காது. சமையலறையில் பாத்திரம் நகரும். குழாயில் தண்ணீர் விழும். மேசையில் ஒரே ஒரு தட்டு இருக்கும். விஜயகுமாரி இன்னொரு தட்டை எடுத்துப் பக்கத்தில் வைப்பாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஈரமாகி, துடைபட்டுக் கவிழ்ந்து, திரும்பவும் அலமாரியில் இருக்கும். வேலைக்காரி எங்கேயாவது கூட உட்கார்ந்து சாப்பிடுவாளா?

எத்தனையோ மாலை கூப்பிட்டுப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள், தெருவே கேட்க, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு வரி சொல்லிவிட்டு, மூச்சை நிறுத்திக் காத்திருந்தாள். யாரும் பதில் அழவில்லை.

போன வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டில் சுவரோடு காதை வைத்துத் தைலம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு வைத்தாள் என்று கேட்கக்கூடாது. அந்தச் சுவர் அவளுக்கும் சொந்தம். மின்சாரம் போயிற்று. 'அம்மா, அம்மா' என்று கூப்பிடும் குரல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. பிறகு விஜயகுமாரி, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்கிற மாதிரி, மெல்லச் சொன்னாள்.

"ஆயா?"

பின்கதவின் தாழ்ப்பாள், துருப்பிடித்து அசையாத அந்தத் தாழ்ப்பாள், சுலபமாக விலகியது.

"இந்தா வந்துட்டேன், மிஸ்ஸி."